கதைகளால் அளக்கப்பட்ட தொழில்முனைவு

ஒரு நாட்டின் பண்பாடு, தொழில் தொடங்கும் விருப்பத்தை மக்களிடம் தோற்றுவிக்கவோ தடுக்கவோ வல்லதா என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. 1916-17இல் இந்து சமயம் குறித்து எழுதிய செருமானியச் சமூகவியலறிஞர் மாக்சு வெபர், சாதியமைப்பும் கர்மக் கோட்பாடும் நிலவிய சூழலில் நவீன முதலாளியம் உள்ளிருந்தே தோன்றுதல் அரிது எனக் கருதினார்.

அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் மெக்லிலண்டு இவ்வினாவை அளவீட்டுக்கு உட்படுத்தினார். செயலை முன்னினும் சிறப்பாகச் செய்து முடிக்கும் வேட்கை 'அடைவூக்கம்' எனப்படும். 1961இல் வெளிவந்த அவரது நூலில் இதற்குச் சான்றாக அமைந்தவை சிறுவர் பாடநூற் கதைகளாகும். 1925ஐ ஒட்டிய காலத்திற்கு 23 நாடுகளும், 1950ஐ ஒட்டிய காலத்திற்கு 40 நாடுகளும் கொள்ளப்பட்டன. பிற்கால வரிசையில் இந்தியா முன்னணியில் இருந்தது. வெபரின் கருத்தோடு இது ஒத்துவரவில்லை.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பிறமொழிக் கதைகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட பின்னரே மதிப்பிடப்பட்டன. எனவே அளக்கப்பட்டது மூலத்தின் சொல்லன்று, பெயர்ப்பின் சொல்லே. திருக்குறள் 'ஊக்கமுடைமை', 'ஆள்வினையுடைமை' என இரண்டு அதிகாரங்களாகப் பிரித்துக் கூறுவனவற்றை ஒரே ஆங்கிலச் சொல்லில் அடக்கினால், உள்ளத்தின் எழுச்சியும் கையின் உழைப்பும் வேறுபாடின்றிப் போகும். 1950ஆம் ஆண்டளவிலான மதிப்பெண்கள் பிற்காலப் பொருளாதார வளர்ச்சியை முன்னுணர்த்தவில்லை எனப் பின்வந்த ஆய்வாளர் சிலர் காட்டியதும் இங்கு எண்ணத்தக்கது.

1964இல் மெக்லிலண்டு, ஐதராபாத்திலிருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தின் துணையுடன், ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த தொழில்முனைவோருக்குப் பயிற்சியளித்தார். படம் பார்த்துக் கதை எழுதுதல், அக்கதையைத் தாமே மதிப்பிடுதல், அடைவு நோக்குடன் மீண்டும் எழுதுதல் ஆகியன பயிற்சியின் கூறுகள். அளவுகோலாக இருந்த கதை இங்குக் கருவியாயிற்று. பயிற்சி பெற்றோர், பெறாதோரைவிடப் புதிய முயற்சிகளில் மிகுதியாக ஈடுபட்டதாக 1969இல் வெளிவந்த நூல் கூறுகிறது. சாதி வழக்கங்களையும் மரபுசார் நம்பிக்கைகளையும் பேணியமை இதற்குத் தடையாக அமையவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவாகும்.

இவற்றால், பண்பாடு தொழில்முனைவை முற்றும் வரையறுக்கும் விதியன்று எனத் தெளியலாம். அவ்வாறாயின், ஒரு மக்களினத்தை முயற்சியற்றது எனத் தீர்ப்பதற்கு முன், அம்மக்கள் முயற்சியை எச்சொற்களால் குறிக்கின்றனர் என அறிதல் இன்றியமையாததாகும்.