தொட்டியின் வயதும் கரிசலின் வெடிப்பும்: விருதுநகர் வட்டாரத்தில் பெட்ரோல் கசிந்த மண்ணை ஆராய்வது பற்றி

1898இல் தோன்றிய வெடிபொருள் துறையின் வாரிசான மத்திய அமைப்புதான் இன்றும் சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கும் பெட்ரோல் பங்குகளின் நிலத்தடித் தொட்டிகளுக்கும் உரிமம் வழங்குகிறது. இரண்டையும் ஒரே துறை கவனிப்பதற்குக் காரணம் தீ பற்றிய அச்சம். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் அந்த அச்சத்தில் பிறந்தது. பக்கத்துக் கட்டடம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், ஆவி எங்கே வெளியேற வேண்டும் என்பவை அதன் கவலைகள். தொட்டிக்குக் கீழே மண் என்ன ஆகிறது என்ற கேள்வி அன்று எழவில்லை. அமெரிக்காவிலும் 1984இல்தான் கசியும் தொட்டிகளுக்கென்று தனிச் சட்டப்பிரிவு வந்தது; விதிமுறைகள் 1988இல் வந்தன. நம் மாநிலத்தில் 2013இல் சென்னைத் தண்டையார்பேட்டைக் குடியிருப்புகளின் நிலத்தடி நீரில் எரிபொருள் கலந்து வந்து, குழாய்க் கசிவு வெளிப்பட்டபோதுதான் இந்த ஆபத்து பலருக்கும் புரிந்தது. மாசுபட்ட இடங்களுக்கான மத்திய விதிகள் 2025இல் வெளியாயின. இடைப்பட்ட பல்லாண்டுகளில் மூடிய தொட்டிகளின் மண் பற்றிய பதிவுகளை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே, எங்கே துளையிடுவது என்று முடிவெடுக்கும் முன்பே தொட்டி இயங்கிய ஆண்டுகளை உறுதி செய்தாக வேண்டும் என்பது என் வாதம்.

ஏனெனில் ஆண்டு தெரிந்தால்தான் எதைத் தேடுவது என்று தெரியும். 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் அறிமுகமானது. நாடு முழுவதும் ஈயம் நீங்கியது 2000 பிப்ரவரியில். அதற்கு முன் மூடப்பட்ட விருதுநகர்த் தொட்டியின் குழியில் ஈயத்தைத் தேட வேண்டும். ஈயத்துடன் சேர்க்கப்பட்டு வந்த எத்திலீன் டைபுரோமைடையும் தேட வேண்டும். அது நீரில் கரைந்து நெடுந்தூரம் போகக்கூடியது. பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு 2010இல் நாடெங்கும் வந்ததால், முந்தைய கசிவுகளில் பென்சீன் கூடுதலாக இருந்திருக்கும். அண்மைக்காலத் தொட்டிகளில் எத்தனாலும் சேர்கிறது. நுண்ணுயிர்கள் எத்தனாலையே முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், பென்சீன் சிதைவது தாமதமாகும். எல்லாக் குழிகளுக்கும் ஒரே சோதனைப் பட்டியலை நீட்டும் ஆய்வகம், பழைய தொட்டியின் நஞ்சைத் தேடாமலே ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடும்.

கரிசல் களிமண் எண்ணெயைக் கீழே விடாது, ஆகவே இங்கே அச்சமில்லை என்பார்கள் சிலர். ஈரக் கரிசலுக்கு அது ஓரளவு பொருந்தும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசலுக்குப் பொருந்தாது. அதைவிட முக்கியமானது தொட்டிக் குழி. சுமார் 3 மீட்டர் தோண்டும்போது பல இடங்களில் கரிசல் முடிந்து சுக்கான் படிவோ சிதைந்த பாறையோ வந்துவிடுகிறது. குழியை நிரப்பிய மணல் வழியே எண்ணெய் நேராக அங்கே இறங்கும். ஆகவே மேல்மண் மாதிரியை மட்டும் எடுத்துத் திருப்தி அடைவது தவறு. குழியின் அடி, குழாய் சென்ற பள்ளம், எரிபொருள் நிரப்பும் கருவி நின்ற இடம் ஆகிய மூன்றிலும், பாறை தொடும் ஆழத்திலும் மாதிரி வேண்டும். மாதிரியைத் திறந்து வைத்தால் பென்சீன் ஆவியாகிவிடும் என்பதால், எடுத்த கையோடு மூடிக் குளிரில் வைப்பதும் திட்டத்தின் பகுதி.

இயற்கையே சரி செய்துவிடும் என்ற மறுப்பு வலுவானது. 1995இல் கலிபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் நடத்திய ஆய்வில், பென்சீன் பரவல் பெரும்பாலும் 250 அடியைத் தாண்டவில்லை. ஆனால் அந்த முடிவு பெரிதும் மணலும் வண்டலுமான நிலங்களைச் சார்ந்தது. விருதுநகரின் கெட்டிப் பாறையில் நீர் வெடிப்புகள் வழியே ஓடுகிறது. எந்த வெடிப்பு எந்தக் கிணற்றுக்குப் போகும் என்று தூரத்தை வைத்துச் சொல்ல முடியாது. சிவகாசியின் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் மிகுந்திருப்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது வேறு வேதிப்பொருள், பெட்ரோலைப்போலச் சிதைவதுமில்லை. ஆனால் தரைமேல் கையாளப்படும் பொருள் இந்த நிலத்தின் நீரை எட்டும் என்பதற்கு அது சான்று. செலவு பற்றிய கவலைக்கு விடை, ஊரில் ஏற்கெனவே இருக்கும் கிணறுகளிலும் போர்வெல்களிலும் உள்ளது. கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீர்மட்டம் ஏறியதும் ஒருமுறை அவற்றின் நீரை எடுத்துப் பார்த்து, புதுத் துளைகளுக்கான இடத்தை அதன்பின் குறிக்கலாம்.