கூடாரத்தில் பிறந்து வெயிலுக்கு வந்த துள்ளுபாய்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு ஜனவரி மாதத்தில், சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றிலுள்ள எனது மகளின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். வேலைக்குப் புறப்படும்போது அவள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "அப்பா, தம்பி பின்வளவில விளையாடுவான். ஒருக்கா பாத்துக்கொள்ளுங்கோ."

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பின்விறாந்தையின் நிழலில் கதிரையைப் போட்டு, மடியில் பத்திரிகையை விரித்துக்கொண்டு, ஆறு வயதுப் பேரனைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் இரண்டு மணியளவில் அவன் வெறுங்காலுடன் ஏணியில் ஏறி, வலைக்கதவைத் திறந்து, ட்ரம்போலினின் நடுவுக்கு ஓடினான். மூன்றாவது துள்ளலில் "அம்மப்பா!" என்று அலறினான். நான் எழுந்து போய்த் தூக்குவதற்குள் இரண்டு உள்ளங்கால்களும் சிவந்துவிட்டன.

குளிர்பெட்டியைத் திறந்து ஐஸ்கட்டியை எடுத்தேன். நல்லவேளையாக அப்போது திரும்பி வந்த மகள் அதைத் தடுத்துவிட்டாள். ஐஸ் வைத்தால் வெந்த தோல் மேலும் பழுதாகும் என்று சொல்லி, அவனது கால்களை ஓடும் குழாய்த் தண்ணீரின் கீழ் முழுதாக 20 நிமிடங்கள் வைத்திருந்தாள். கொப்புளம் எழவில்லை. இரண்டு நாட்களில் அவன் ஓடித்திரிந்தான். எனக்குத்தான் அது ஆறவில்லை. கண்முன்னே இருந்தும் காணாமல் விட்டேனே என்ற உறுத்தல், அந்தத் துள்ளுபாயின் கதையைத் தேடிப் படிக்க வைத்தது. ஐம்பது வருடப் பத்திரிகைத் தொழிலின் பழக்கம் அது.

அந்தக் கதை ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் தொடங்குகிறது. எனது சிறுவயதில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் சர்க்கஸ் பார்த்தவன் நான். உயரத்து ஊஞ்சலில் பறந்த கலைஞர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே விரித்திருந்த வலையில் விழுந்து, பந்துபோல் மேலெழுந்து, பின்னர் தரையில் இறங்கி வணங்குவார்கள். எங்களுக்கு அந்தக் கடைசி விழுகைதான் பெரிய வேடிக்கை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஜோர்ஜ் நிஸன் என்ற இளைஞனும் 1930 அளவில் அதையே பார்த்தான். வேடிக்கை பார்த்ததோடு அவன் நிற்கவில்லை. விழுந்தவர் தொடர்ந்து எழும்பிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தான்.

ஐயோவா பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி வீரராக இருந்த நிஸன், தமது பயிற்றுநர் லரி கிறிஸ்வோல்டுடன் சேர்ந்து 1934 இல் முதலாவது கருவியைச் செய்தார். இரும்புச் சட்டம், அதில் சுருள்வில்களால் இழுத்துக் கட்டிய கன்வஸ் துணி, அவ்வளவுதான். 1937 இல் ஒரு சாகசக் குழுவுடன் மெக்சிகோவுக்குச் சென்றபோது, நீரில் பாயும் பலகைக்கு ஸ்பானிய மொழியில் 'ட்ரம்போலின்' என்று பெயர் இருப்பதை அறிந்து, அதையே தமது கருவியின் வணிகப் பெயராக்கிக்கொண்டார். 1942 இல் இருவரும் கம்பனி தொடங்கினர். இரண்டாம் உலகப் போரின்போது, ஆகாயத்தில் தலைகீழாகப் புரளும்போது திசை தடுமாறாதிருக்க அமெரிக்கக் கடற்படை தனது விமானிகளை இதில் பயிற்றுவித்தது. 1960 இல் நியூயோர்க்கின் சென்ட்ரல் பூங்காவில் ஒரு கங்காருவின் முன்னங்கால்களைப் பிடித்தபடி நிஸன் துள்ளிய புகைப்படம் உலகைச் சுற்றி வந்தது. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரம்போலின் முதன்முறையாகப் போட்டியாக இடம்பெற்றபோது, 86 வயதான நிஸன் அதைக் காண நேரில் வந்திருந்தார். 2010 இல் தமது 96 ஆவது வயதில் காலமானார்.

இது வெற்றிக் கதை. இதனுடன் ஒட்டியே ஒரு காயக் கதையும் வளர்ந்தது. 1959, 1960 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களில் குழி தோண்டி, அதன்மேல் துள்ளுபாய்களை விரித்து, காசுக்குத் துள்ளவிடும் நிலையங்கள் முளைத்தன. கழுத்தும் முள்ளந்தண்டும் முறிந்த செய்திகள் வந்தன, வழக்குகள் வந்தன, காப்புறுதிக் கட்டணம் ஏறியது, நிலையங்கள் மூடப்பட்டன. 1977 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பாடசாலைகளில் ட்ரம்போலின் வேண்டாம் என்று கூறியது. பிற்காலத்தில் மலிவான வட்ட வடிவப் பாய்கள் வீடுகளுக்குள் பரவியபோது, வீட்டு உபயோகத்துக்கு அது உகந்ததல்ல என்று 1999 இல் அறிவித்து, 2012 இல் மீண்டும் வலியுறுத்தியது.

ஒவ்வொரு காயத்துக்குப் பின்னரும் ஒரு பாதுகாப்பு வந்து சேர்ந்தது. சுருள்வில்லில் கால் சிக்கியபோது மெத்தை உறை வந்தது. வெளியே விழுந்தபோது சுற்றுவலை வந்தது. நியூசிலாந்தின் கன்டபரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் அலெக்சாண்டர் சுருள்வில்லையே நீக்கிவிட்டு, பாயின் கீழே வளையும் கண்ணாடியிழைக் கோல்களைப் பொருத்தினார். ஆனால் வெயிலைப் பற்றி எவரும் முதலில் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கூடாரத்திலும் உடற்பயிற்சி மண்டபத்திலும் வளர்ந்த பிள்ளை அல்லவா அது!

வெயிலுக்கு வந்ததும் அதன் உடல் மாறியது. கன்வஸ் மழையில் உக்கும். அதனால் பின்வளவுப் பாய்கள் பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் இழையால் நெய்யப்படுகின்றன. அந்த இழையைச் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அரித்துவிடும். அதைத் தடுக்கக் கரித்தூளைக் கலக்கிறார்கள். பாய் கறுப்பாக இருப்பதற்கு முக்கியமான காரணம் இதுவே. கறுப்பு நிறம் வெப்பத்தை உறிஞ்சும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். எது பாயை வெயிலிலிருந்து காக்கிறதோ, அதுவே பிள்ளையின் காலைச் சுடுகிறது. இதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு சிறிதல்ல.

மேற்குச் சிட்னியின் வெயிலும் சாதாரணமானதல்ல. கடற்காற்று எட்டாத பகுதி அது. 2020 ஜனவரி 4 ஆம் திகதி பென்றித்தில் 48.9 பாகை செல்சியஸ் பதிவானது. நிழலில் அளந்த காற்றின் வெப்பம் அது. நேர்வெயிலில் கிடக்கும் கறுப்புப் பாயும் இரும்புச் சட்டமும் அதைவிடப் பல பாகை கூடுதலாகச் சுடும். 60 பாகைச் சூடேறிய உலோகம் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். பிள்ளைகளின் தோல் எமது தோலைவிட மெல்லியது. வலைக்கதவின் உலோகச் சிப்பையும் ஏணிப்படியையும் நாம் மறந்துவிடுகிறோம். பிள்ளையின் கை முதலில் படுவது அவற்றில்தான்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னர் மகளும் மருமகனும் நானும் கூடிப் பேசிச் சில ஒழுங்குகளைச் செய்தோம். மேற்குப் பக்கத்தில் நின்ற ட்ரம்போலினை வீட்டின் கிழக்குப் பக்கத்துக்கு நகர்த்தினோம். பிற்பகலில் வீட்டின் நிழலே அதன்மேல் விழும். மரத்தடி குளிர்ச்சிதான், ஆனால் துள்ளும் பிள்ளையின் தலைக்கு மேலே கிளை இருத்தலாகாது. நிழற்பாயைச் சுற்றுவலைக் கம்பங்களில் கட்டினால் காற்றுக்கு அது பாய்மரமாகிவிடும் என்பதால், தனிக் கம்பங்கள் நாட்டி உயரக் கட்டினோம். புயற்காற்றில் வேலி தாண்டிப் பறந்த ட்ரம்போலின்கள் உண்டு என்பதால் கால்களை நிலத்துடன் பிணைத்தோம்.

துள்ளல் காலையிலும் மாலையிலும் மட்டுமே. ஏறுமுன் பெரியவர் ஒருவர் பாயிலும் சட்டத்திலும் சிப்பிலும் புறங்கையை வைத்து ஐந்து விநாடிகள் பிடித்துப் பார்க்க வேண்டும். பிடிக்க முடியாவிட்டால் பிள்ளைக்கும் அது ஆகாது. குழாய்த் தண்ணீர் தெளித்தால் நீர் ஆவியாகும்போது சூடு தணியும். ஆனால் ஈரப்பாய் வழுக்கும், உலர்ந்த பின்னரே ஏறலாம். சாதாரணக் காலுறையும் வழுக்கும். கால் மணிக்கொருதரம் இறங்கித் தண்ணீர் குடிக்க வேண்டும். பாய் குளிர்ந்திருந்தாலும் துள்ளும் உடம்பு சூடேறும். கரித்தூள் கலந்தாலும் வெயில் நூலை அரிக்காமல் விடாது. ஆகவே மாதம் ஒருமுறை தையலையும் வலையையும் மெத்தை உறையையும் இழுத்துப் பார்த்து, நைந்ததை மாற்ற வேண்டும். விளையாட்டு முடிந்ததும் ஏணியைக் கழற்றி வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான ஒழுங்கு, ஒரு நேரத்தில் ஒருவர் என்பது. உறவுப் பிள்ளைகள் வந்தால் எல்லோரும் ஒன்றாக ஏறவே துடிப்பார்கள். காயங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு, பலர் சேர்ந்து துள்ளும்போது நேர்பவை என்று அந்த மருத்துவக் கழகத்தின் 2012 அறிக்கை கூறுகிறது. அடிபடுவது பெரும்பாலும் எடை குறைந்த சின்னப் பிள்ளைதான். ஆறு வயதுக்குட்பட்டோரை ஏற்றவே கூடாது என்கிறார்கள்.

அதே அறிக்கையில் உள்ள இன்னொரு விபரம் என்னைச் சுட்டது. காயங்களில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரையானவை பெரியவர் ஒருவரின் மேற்பார்வை இருந்தும் நேர்ந்தவையாம். கதிரையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், என்னைப் போலவே. எதைப் பார்ப்பது என்று அறியாமல் பார்ப்பது காவலாகாது. எங்கள் ஊரில் மத்தியான மணலில் வெறுங்காலுடன் நடந்தால் சுடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. பனை நிழலுக்கு நிழல் பாய்ந்து வீடு சேர்ந்தவர்கள் நாங்கள். அந்த அறிவு என்னிடம் இருந்தது. அந்நிய ஊரின் விளையாட்டுப் பொருளைக் கண்டதும், இது வேறு உலகம் என்று நினைத்து அதை ஒதுக்கி வைத்துவிட்டேன். வெயில் எந்த ஊரிலும் வெயில்தானே!

இந்த விளையாட்டுப் பொருளை வாங்காதீர்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. மருத்துவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அதைப் பெற்றோர் எடைபோட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது இருக்கிறது. நான் ஊர் திரும்புவதற்கு முதல்நாள் மாலை, பேரன் ஏணியடியில் நின்று என்னைக் கூப்பிட்டான்.

"அம்மப்பா, முதல்ல நீங்கள் கையை வைச்சுப் பாருங்கோ."

புறங்கையை வைத்து ஐந்து வரை எண்ணினேன். அவனும் தன் சின்னக் கையைப் பக்கத்தில் வைத்து என்னோடு சேர்ந்து எண்ணினான். சுடவில்லை. ஏறச் சொன்னேன். அன்று மடியில் பத்திரிகை இருக்கவில்லை.