மரியன் மெக்பார்ட்லண்ட்

மரியன் மெக்பார்ட்லண்ட் (1918–2013): ஜாஸ் பியானோ கலைஞர், வானொலித் தொகுப்பாளர். இங்கிலாந்தின் ஸ்லோ நகரில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்றார். சவுத் கரோலைனா பொது வானொலி தயாரிப்பில், அமெரிக்கத் தேசியப் பொது வானொலியான என்பிஆர் வழியே நாடெங்கும் ஒலித்த ‘பியானோ ஜாஸ்’ நிகழ்ச்சியை 1978 முதல் 2011 வரை நடத்தினார்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு பியானோக்கள் இருக்கும். ஒன்றில் அவர், மற்றொன்றில் விருந்தினர். பேச்சினூடே விருந்தினர் ஒரு மெட்டை வாசித்துக் காட்டுவார். பிறகு இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள். முதல் விருந்தினர் ஜாஸ் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ். 1978இல் பதிவான மற்றோர் அமர்வில், பியானோ கலைஞர் பில் எவன்ஸ் தாளத்தில் இடம்மாற்றி வாசிக்கும் தம் முறையைக் கட்டைகளில் விரலோட்டியே விளக்கினார். சக கலைஞர் கேட்பதால் மட்டுமே பிறக்கும் விளக்கம் அது; ஜாஸ் பயில்வோருக்கு அரிய பாடம். நிகழ்ச்சி 1983க்கான பீபடி விருது பெற்றது.