பேய் வந்தது, சக்கரத்தில்!

1798ஆம் ஆண்டு. மன்னன் தலை வீழ்ந்து ஐந்தாண்டு கழிந்த பாரிசு நகரம். காசு கொடுத்து இருட்டறையில் கூடியிருந்தனர் மக்கள். எதிரே ஓர் உருவம்! சிறு புள்ளியாய்த் தோன்றிற்று, வளர்ந்தது, பாய்ந்து வந்தது! அலறினர் பலர்.

வரவழைத்தவர் மந்திரவாதியா? அல்லர், ராபர்ட்சன் என்னும் புனைபெயர் பூண்ட, இயற்பியல் கற்ற ஒருவர். கருவியும் புதிதன்று, நூறாண்டுக்கு மேலாகப் பழகிவந்த மாய விளக்குத்தான். அதைத் திரைக்குப் பின்னே மறைத்தார்; சக்கரம் பூட்டினார். விளக்கு பின்னோக்கி உருண்டது. திரையில் உருவம் பெருத்தது. பெருப்பதை நெருங்குவதாகக் கண்டது கண். படக் கண்ணாடியில் உருவைச் சுற்றிக் கருமை தீட்டினார்; உருவம் அந்தரத்தில் நின்றது. 1799இல் கைவிடப்பட்ட துறவி மடமொன்றுக்குக் காட்சியை மாற்றினார். அச்சம் மேலும் வளர்ந்தது.

இத்தனைக்கும், இது அறிவியல் விந்தை என்றே அவர் அறிவித்தார். அறிவித்தும் நெஞ்சு நடுங்கிற்று! பின்னர், காட்சியைப் பின்பற்றிய பழைய உதவியாளர்மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு மன்றத்திலே இரகசியம் வெளியாயிற்று. ஆயினும் காட்சி மடியவில்லை. ஐரோப்பிய நகர்களில் பரவிற்று. மறைவு நீங்கினால் மடிவது ஏய்ப்பு, மகிழ்ச்சியன்று.

இன்று மெய்நிகர் கருவியைக் கண்ணில் மாட்டுகிறோம். இரு கண்ணுக்கு இரு படம்; தலை திரும்பினால் காட்சியும் திரும்புகிறது. இல்லாத இடத்தில் இருப்பதாக உணர்கிறோம். உணர்வோம், வியப்போம்! ஆனால், தோழர்களே, உருவம் எதிரே நிற்கும்போதெல்லாம் கேட்போம்: சக்கரம் எங்கே? அதை உருட்டும் கை எவருடையது?