சுந்தரபாண்டியர்கள்: ஒரு பெயர், பல மன்னர்கள்

விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புக்கு அருகில், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அமைந்த பேரூர் சுந்தரபாண்டியம். ஊரின் பெயரைக் கேட்டவுடன் பலரும் கேட்கும் கேள்வி, "எந்தச் சுந்தரபாண்டியன்?" என்பதே. தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரமும், இராமநாதபுரம் கடற்கரையில் சுந்தரபாண்டியன்பட்டினமும் இதே பெயரைத் தாங்கி நிற்கின்றன. மூன்று ஊர்களுக்கும் ஒரே மன்னன்தான் பெயர் கொடுத்தான் என்று கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஏனெனில் பாண்டிய வரலாற்றில் சுந்தரபாண்டியன் என்ற பெயருடையவர் ஒருவர் அல்லர், பலர். இவர்களை ஒருவராக எண்ணியதால், ஒரு காலத்தில் தேவார ஆசிரியர் ஒருவரின் காலமே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் தள்ளிப் போனது. ஆகவே இவர்களைப் பிரித்து அறிவது அவசியமாகிறது.

புராணத்தில் சுந்தரபாண்டியர்

மதுரைத் தலபுராணப்படி, மீனாட்சியை மணந்த சோமசுந்தரக் கடவுளே சுந்தரபாண்டியன் என்ற பெயரில் மதுரையை ஆண்டார். அவருடைய மகன் உக்கிரபாண்டியன். பாண்டியர்கள் இப்பெயரை விரும்பிச் சூட்டிக்கொண்டதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். மன்னனின் பெயர் குலதெய்வத்தின் பெயராகவும் அமைந்தது.

திருவிளையாடல் புராணத்தில் இன்னொருவரும் வருகிறார். திருஞானசம்பந்தரால் வெப்புநோயும் கூனும் நீங்கப்பெற்ற கூன்பாண்டியன், அதன்பின் சவுந்தரபாண்டியன் என்று அழைக்கப்பட்டதாக அந்நூல் கூறுகிறது. பெரியபுராணம் இவரை நின்றசீர் நெடுமாறன் என்கிறது. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட அரிகேசரி மாறவர்மனே இவர் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்ற கருத்து.

சோழர் காலத்துச் சுந்தரர்கள்

10ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் பராந்தக சோழனுக்குச் சுந்தர சோழன் என்ற பெயர் உண்டு. இவர் இராசராச சோழனின் தந்தை. முதலாம் இராசேந்திர சோழன் பாண்டிய நாட்டை ஆளத் தன் மகனை மதுரையில் அமர்த்தியபோது, அவனுக்குச் சடையவர்மன் சுந்தர சோழ பாண்டியன் என்ற பட்டம் வழங்கப்பட்டது. பெயரில் பாண்டியன் இருந்தாலும் இவர் சோழ இளவரசர். இதே காலப்பகுதியில், முதலாம் இராசாதிராசனிடம் தோற்று முல்லையூருக்கு ஓடிய ஒரு சுந்தரபாண்டியனைச் சோழக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. இவர் உண்மையான பாண்டியர். ஆக, 11ஆம் நூற்றாண்டிலேயே எதிரெதிர் அணிகளில் ஒரே பெயர் நின்றதைக் காண்கிறோம்.

13ஆம் நூற்றாண்டுப் பேரரசர்கள்

குழப்பம் மிகுந்த காலம் இதுவே. நூறு ஆண்டுகளுக்குள் பின்வருவோர் ஆண்டனர்.

• முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன்: 1216இல் பட்டம் பெற்றார். மூன்றாம் குலோத்துங்க சோழனை வென்று, தஞ்சையையும் உறையூரையும் தீக்கிரையாக்கினார். ஆயிரத்தளியில் வீராபிஷேகம் செய்துகொண்டார். பின்னர்ச் சோழ நாட்டைத் திருப்பி அளித்ததால் 'சோணாடு வழங்கியருளிய' என்ற சிறப்புப் பெயர் பெற்றார்.

• இரண்டாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன்: 1238-39இல் ஆட்சிக்கு வந்து 1251 வரை ஆண்டார். போசள மன்னன் சோமேசுவரனின் செல்வாக்கு தமிழகத்தில் ஓங்கியிருந்த காலம் இது.

• முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன்: 1251இல் பட்டம் பெற்றார். கண்ணனூர்க் கொப்பத்தில் போசளரை வென்றார்; சேந்தமங்கலத்தில் கோப்பெருஞ்சிங்கனை முற்றுகையிட்டார்; நெல்லூர் வரை சென்று வீராபிஷேகம் செய்தார். திருவரங்கத்திலும் தில்லையிலும் பொன் வேய்ந்தவர் இவரே. 'எம்மண்டலமும் கொண்டருளிய' என்ற பட்டம் இவருக்கு உரியது.

• இரண்டாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன்: 1276-77 அளவில் ஆட்சி தொடங்கியவர். முதலாம் மாறவர்மன் குலசேகரன் ஆண்ட காலத்திலேயே உடன் ஆண்டவர்.

• மாறவர்மன் குலசேகரனின் மகனான சடையவர்மன் சுந்தரபாண்டியன்: தன் சகோதரன் வீரபாண்டியனோடு அரசுரிமைக்காகப் போரிட்டவர். தந்தையைக் கொன்றவர் இவரே என்று பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் எழுதினார். இப்பூசல் நடந்துகொண்டிருந்த வேளையில், 1311இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது.

பொன் வேய்ந்தவரும், தந்தையைக் கொன்றதாகச் சொல்லப்படுபவரும் ஒரே பெயரினர், பட்டப்பெயரும் ஒன்றே. ஆனால் இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உள்ளன. எண் குறிப்பிடாமல் 'சடையவர்மன் சுந்தரபாண்டியன்' என்று எழுதினால், ஒருவரின் புகழும் மற்றவரின் பழியும் இடம் மாறிவிடும்.

சம்பந்தர் காலம் தடுமாறிய கதை

வெனிசு நகர வணிகர் மார்க்கோ போலோ 1292-93 அளவில் தமிழகக் கடற்கரைக்கு வந்தார். இந்நாட்டை ஐந்து சகோதர அரசர்கள் ஆள்வதாகவும், அவர்களுள் ஒருவர் சுந்தரபாண்டிய தேவர் என்றும் தம் பயண நூலில் குறித்தார். வாசாபும் 1293இல் இறந்த ஒரு சுந்தரபாண்டியனைக் குறிப்பிடுகிறார்.

19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலி வரலாற்றை ஆராய்ந்த கால்டுவெல், மார்க்கோ போலோ குறித்த சுந்தரபாண்டியனையும், சம்பந்தர் காலத்துக் கூன்பாண்டியனாகிய சுந்தரபாண்டியனையும் ஒருவராகக் கொண்டார். அதன்படி சம்பந்தர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்தவர் ஆகிவிட்டார். கால்டுவெல் பெரும் புலமையாளர். ஆனால் அன்று கல்வெட்டுகள் பெரும்பாலும் படித்து வெளியிடப்படவில்லை. கையில் இருந்த சான்றுகளுள் ஒத்துப்போனது பெயர் ஒன்றே.

இக்கருத்தை மறுத்து எழுதியவர்களுள் முதன்மையானவர், 'மனோன்மணீயம்' இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897). சம்பந்தரின் காலத்தைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி அறிஞர்களின் கவனத்தைப் பெற்றது. 13ஆம் நூற்றாண்டு என்பது ஏன் பொருந்தாது என்பதை மாணவர்களும் எளிதில் புரிந்துகொள்ளலாம். சம்பந்தரின் வரலாற்றை விரித்துப் பாடிய சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தவர். அதற்கும் முன்பே இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை நியமித்தான். அவனுக்கும் முற்பட்ட சுந்தரமூர்த்தி நாயனார், தம் திருத்தொண்டத்தொகையில் சம்பந்தரையும் நெடுமாறனையும் அடியார்களாக வணங்குகிறார். பிறக்காத ஒருவரை முன்னோர் வணங்க இயலாது அல்லவா? பின்னர், சம்பந்தர் காலத்துச் சிறுத்தொண்டர் பங்குகொண்ட வாதாபிப் போர், பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் 642 அளவில் வாதாபியை வென்ற போரே என்பது தெளிந்தபோது, சம்பந்தரின் காலம் 7ஆம் நூற்றாண்டு என்பது உறுதியாயிற்று.

எவ்வாறு பிரித்து அறிவது?

பாண்டியர் 'மாறவர்மன்', 'சடையவர்மன்' என்ற இரு பட்டங்களை மாறி மாறிச் சூடினர். கல்வெட்டு தொடங்கும் இப்பட்டமே முதல் அடையாளம். அடுத்தது மெய்க்கீர்த்தி. ஒவ்வொரு பேரரசரின் மெய்க்கீர்த்தியும் தனக்கே உரிய சொற்களால் தொடங்கும்.

மெய்க்கீர்த்தி இல்லாத கல்வெட்டுகளில்தான் சிக்கல். அக்காலத்தில் ஆண்டு என்பது மன்னன் பட்டமேறிய நாளிலிருந்து எண்ணப்பட்டது. 'சுந்தரபாண்டியர்க்கு யாண்டு ஏழு' என்று மட்டும் இருந்தால், அது 1222-23ஆகவும், 1244-45ஆகவும், 1257-58ஆகவும், 1282-83ஆகவும் இருக்கலாம். இங்கே வானியல் துணை செய்கிறது. பல கல்வெட்டுகள் மாதம், பிறை, திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றையும் கூறுகின்றன. கன்னி மாதம், வளர்பிறைப் பஞ்சமி, திங்கட்கிழமை, அனுஷம் என்று இருப்பதாகக் கொள்வோம். இந்நான்கும் ஒருங்கே அமையும் நாள் அரிதாகவே வரும். மேற்கண்ட ஆண்டுகளில் எதில் அது பொருந்துகிறதோ அதுவே அக்கல்வெட்டின் ஆண்டாகும். செருமானிய அறிஞர் கீல்ஹார்ன் இம்முறையில் பாண்டியர் ஆட்சித் தொடக்கங்களைக் கணித்தார். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை வெளியிட்ட நாட்காட்டி அட்டவணைகள் அப்பணியை எளிதாக்கின. குடந்தை ந. சேதுராமன் இதே வழியில் பல பாண்டிய மன்னர்களின் காலத்தை வரையறுத்தார்.

ஊர்ப்பெயரும் மன்னர் பெயரும்

மீண்டும் சுந்தரபாண்டியத்துக்கு வருவோம். இவ்வூருக்கு மேற்கே உள்ள சதுரகிரி மலையில் எழுந்தருளியிருக்கும் இறைவன் பெயர் சுந்தரமகாலிங்கம். மதுரையில் இருப்பவர் சோமசுந்தரர். இப்பகுதியில் 'சுந்தர' என்ற சொல் கோயிலுக்கும் அரண்மனைக்கும் பொதுவானது. ஆகவே ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, பொன் வேய்ந்த பேரரசர் அமைத்த ஊர் என்று எழுதிவிடக் கூடாது. ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால், அதில் பட்டம், மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு, நாள் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். வண்ணம் பூசியும் சுண்ணாம்பு அடித்தும் எழுத்துகளை மறைத்துவிட்டால், தன் ஊருக்கு உரியவர் யார் என்று சொல்லக்கூடிய ஒரே சான்றை அவ்வூரே அழித்ததாகிவிடும். திருப்பணி தொடங்குமுன் கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்கச் செய்வது ஊரார் செய்யக்கூடிய நல்ல வரலாற்றுப் பணியாகும்.