கடற்கோளும் கணினியேடும்

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த சுனாமி என்னும் கடற்கோளில், இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரைவீதிகள் சிறுபொழுதில் அழிந்தன. காணாமற்போனோர் யாவர், எம்முகாமில் எவர் உளர், எங்கே யாது வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடைகாண, கொழும்பிற் கணினி வல்லுநர் தொண்டராய்க் கூடி ஆக்கிய இணையச் செயலியே 'சஹானா' ஆகும். நம் செவிக்கு இராகப் பெயராய் ஒலிப்பினும், சிங்களத்தில் அதன் பொருள் நிவாரணம் என்பதாம்.

வெறும் இணையப்பக்கம் படிக்கத் தருவதோடு அமையும். இதுவோ வினவுவோர் எழுதியதை ஏற்று, தரவேட்டிற் பதிந்து, விடையும் தந்தது. பி.எச்.பி. மொழியில் அமைந்த அதன் மூலநிரலை எவரும் திருத்தலாம் என விடுத்தமையாற்றான், 2005 இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது பயன்பட்டது. 2010 இல் ஹெயிற்றியில் பைத்தன் மொழியில் மறுபிறப்பெடுத்து உதவியது. பூட்டிவைத்த நிரலாயின் கொழும்பிலேயே மூத்து மடிந்திருக்கும்.

ஆயினும் இத்தகைய ஏடுகளுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. முகம்மது, முஹம்மத், முகமது என ஒரு பெயரையே நம் கரையில் மூவர் மூவகையாய் எழுதுவர். ஆங்கில எழுத்திற் பெயர்ப்பின் வேறுபாடு இன்னும் பெருகும். தந்தை ஒருவகையாய் வினவ, முகாம் எழுதுவினைஞர் பிறிதொருவகையாய்ப் பதிந்திருப்பின், எழுத்தை எழுத்தோடு மட்டும் ஒப்பிடும் செயலி, உயிரோடிருக்கும் மகனை 'இல்லை' என்றே உரைக்கும்.

சொல்லிய அளவில் நிரலெழுதித் தரும் கருவிகள் இந்நாளில் வந்துள்ளன. இம்மூன்றும் ஒரே பெயர் என அவற்றுக்குச் சொல்லத்தக்கவர் கொழும்பினர் அல்லர். நாள்தோறும் வரவுப்பதிவேடு அழைக்கும் யான், என் வகுப்பிலேயே அப்பெயரை நான்கு வடிவிற் காண்கின்றேன்.