நடுகற்களில் ‘பட்டான்’: ஒரு வினைச்சொல்லின் பொருள் எல்லை

கம்பைநல்லூர்ப் பக்கம் தென்னையோ புளியோ நின்ற நிலையில் காய்ந்துவிட்டால் ‘மரம் பட்டுப்போச்சு’ என்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் வேடியப்பன் என்று பூசை பெறும் பழைய நடுகற்களிலும் இதே வினைதான் வெட்டப்பட்டிருக்கிறது: ‘பட்டான்’. கல்வெட்டுக்கு விளக்கம் எழுதுவோர் இதனை ‘இறந்தான்’ என்றோ ‘வீரமரணம் அடைந்தான்’ என்றோ பெயர்ப்பது வழக்கம். முன்னது பொருளைக் குறைக்கிறது. பின்னது கல்லில் இல்லாத புகழை ஏற்றுகிறது. இரண்டும் பொருந்தா என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வெளிவந்தது. அதில் உள்ள பல்லவர் கால வட்டெழுத்துக் கற்கள் பலவும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். பின்னர் வீரன் யாருடைய சேவகன், யார் தொறு (ஆநிரை) கொண்டார் என்ற செய்திகள். இறுதியில் வீரன் பெயரும் ‘பட்டான் கல்’ என்ற முடிவும். இங்கே ‘பட்டான்’ வினையாலணையும் பெயர். மறத்தையோ புகழையோ கூறும் அடைமொழி பெரும்பாலும் இல்லை. ஓர் ஆவணத்தின் நடை இது. வீரனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டியாக (சிந்திய குருதிக்கு ஈடாக) நிலம் விடும் வழக்கமும் இருந்ததால், நிகழ்ச்சியைத் துல்லியமாகப் பதிய வேண்டிய தேவை இருந்தது.

‘பட்டான்’ என்பதைச் செயப்பாட்டு வினையாகக் கொண்டு ‘கொல்லப்பட்டான்’ என்று படிக்கலாமா? ‘புலி குத்திப் பட்டான்’ என்னும் தொடர் அதற்கு இடம் தரவில்லை. ‘குத்தி’ என்ற எச்சத்துக்கும் ‘பட்டான்’ என்ற முடிக்கும் சொல்லுக்கும் எழுவாய் ஒருவனே. புலியைக் குத்தியவன் அவன்; பட்டவனும் அவன். ‘குத்துப் பட்டான்’ என்று இன்று நாம் சொன்னால் குத்தியவன் வேறொருவன். எச்சத்தின் இகரம் பெயரின் உகரமாக மாறியதும் செய்தவன் வாங்கியவனாகிவிடுகிறான். ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்பதும் இவ்வாறே அமைந்தது. வீரனின் செயல் எச்சத்தில் நிற்கிறது. அதற்கு அவன் கொடுத்த விலை முடிக்கும் சொல்லில் நிற்கிறது.

பக்கத்து மொழியோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். நுளம்பர் ஆண்ட தகடூர் (தருமபுரி) பகுதியில் கன்னடக் கல்வெட்டுகளும் உண்டு. கன்னட வீரக்கற்களில் ‘காதி சத்த’, ‘இறிது சத்த’ என்று வரும். போரிட்டுச் செத்தான் என்பது பொருள். எச்சமும் முடிக்கும் சொல்லுமான அமைப்பு ஒன்றே. தமிழின் தொறுவும் கன்னடத்தின் துறுவும் ஒரே சொல். ஆனால் கன்னடம் ‘சா’ என்னும் பொதுவினையை எடுத்துக்கொண்டது. தமிழிலும் ‘செத்தான்’ இருந்தது. கல்லில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை விட்டு ‘பட்டான்’ என்பதையே தேர்ந்தார்கள்.

காரணத்தை அன்றாட வழக்கிலிருந்து உணரலாம். அடி படுகிறது, வெயில் படுகிறது, கண்ணில் படுகிறது. ‘பட்டால்தான் தெரியும்’ என்கிறோம். எல்லாவற்றிலும் வெளியிலிருந்து ஒன்று வந்து உடம்பில் தைக்கிறது. ‘செத்தான்’ முடிவை மட்டும் சொல்லும். ‘பட்டான்’ அந்தத் தாக்குதலையும் சேர்த்துச் சொல்லும்.

பட்ட மரத்துக்கு வீரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், என் வாதத்துக்கு அதுவே துணை. வீரம் அந்த வினையில் இல்லை, அதற்கு முன் நிற்கும் ‘மீட்டு’, ‘குத்தி’ என்னும் எச்சங்களில் இருக்கிறது. தொறுவை மீட்கப் போனவனுக்கு வரும் அதே ‘பட்டான்’, தொறுவைக் கொள்ளப் போனவனுக்கும் வருகிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல்லை இங்கே நினைக்க வேண்டும். எருமைகளைக் காக்கப் போரிட்ட கருந்தேவக்கத்தி அதில் ‘பட்டான்’. அவனுடைய நாய் கோவிவனோ கள்ளரைக் கடித்துக் காத்திருந்ததாகவே எழுதப்பட்டுள்ளது. நாயின் பெயரையும் செயலையும் அன்போடு பதித்தவர்கள்கூட அதற்கு இந்த வினையைத் தரவில்லை. எதற்கு எந்த வினை என்பதில் அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை.

தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, பல்லவர் காலத்துக்கு மிக முந்தைய தமிழ்பிராமி நடுகற்களுள் ஒன்றில் ‘ஆகோள்’ (ஆநிரை கவர்தல்) என்ற பெயர்ச்சொல் இருக்கிறது, வினையே இல்லை. ஆகவே ‘பட்டான்’ வாய்பாடு பின்னர் நிலைபெற்ற ஒரு துறைச்சொல் என்றே கொள்ள வேண்டும்.

நடுகல் கல்வெட்டுகளைப் பதிப்பிப்போர் ‘பட்டான்’ என்பதைப் பெயர்க்காமல் அப்படியே நிறுத்தி, அதற்கு முன் உள்ள எச்சத்தை விளக்குவதே முறை. தமிழ் படிப்பவருக்கு அந்தச் சொல் இன்னும் புரிகிறது.